இரண்டாவது குதிப்பு

"அப்பா, நாம ஒரு மேடுதானே ஏறினோம்? வண்டி ஏன் மூணு வாட்டி குதிக்குது?"

பின் சீட்டிலிருந்து மகள் கேட்டாள். பெரம்பூரிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று இருக்கிறது. மெதுவாகத்தான் ஏறி இறங்கினேன். சமதளத்துக்கு வந்த பிறகும் வண்டியின் பின்பக்கம் ஒருமுறை எழும்பி அமுங்கியது. மறுபடியும் எழும்பி அமுங்கியது. அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

தினமும் ஓட்டுகிறவனுக்கு ஷாக் அப்சார்பர் கெட்டுப்போவது தெரியாது. கிளட்ச் கேபிள் அறுந்தால் அந்த நொடியே தெரியும். ஹெட்லைட் பல்பு போனால் இருட்டியதும் தெரியும். ஷாக் அப்படி ஒரு நாளில் போவதில்லை. சொட்டுச் சொட்டாக, நாலைந்து வருஷம் எடுத்துக்கொண்டு போகிறது. அதற்கேற்ப நம் இடுப்பும் முழங்காலும் தாமாகவே பழகிக்கொள்கின்றன. பள்ளத்தைக் கண்டதும் சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்கிறோம். சாலையைத் திட்டிவிட்டுப் போகிறோம். எப்போதாவது பின்னால் ஏறி உட்காருகிறவர்களுக்குத்தான் உண்மை தெரிகிறது.

வண்டி, 1994இல் அப்பா வாங்கிய நூறு சிசி டூ-ஸ்ட்ரோக். மறுநாள் வழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சீட்டை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். "ஷாக்கு ரெண்டுமே போச்சு சார். புது ஜோடி மாட்டிரலாம். அரை மணி நேர வேலை." எதிர்க்கடையில் லேத் வைத்திருக்கும் பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டே வந்தார். "எதுக்கு தம்பி புதுசு? பிரிச்சு, சீல் மாத்தி, ஆயில் ஊத்தினா இன்னும் பத்து வருஷம் ஓடும்."

இருவரும் நேர்மையானவர்கள். ஒருவருக்குச் சாயங்காலத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும். மற்றவருக்குப் பழைய இரும்பின்மேல் நம்பிக்கை. ஆனால் இருவருமே ஷாக்கைக் கழற்றாமல் சொன்ன தீர்ப்பு அது. அப்பாவின் வண்டி, மாமாவின் வண்டி என்று நம்மூரில் எத்தனையோ வீட்டு வாசலில் இருபது, முப்பது வயது வண்டிகள் நிற்கின்றன. மாற்றுவதா, பிரித்துச் சரிசெய்வதா என்ற கேள்வி அவை எல்லாவற்றுக்கும் வரும். விலையை வைத்து முடிவுசெய்யும் கேள்வியாக இதை நான் பார்க்கவில்லை. உள்ளே எது செத்திருக்கிறது என்று பார்த்தால் பதில் தானாகவே வந்துவிடும்.

ஷாக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு பொருள். வெளியே சுருள்சுருளாகத் தெரிவது ஸ்பிரிங். அதற்குள் மறைந்திருப்பது டேம்பர்: ஒரு குழாய், அது நிறைய ஆயில், ஆயிலுக்குள் துளைகள் போட்ட பிஸ்டன், பிஸ்டனைப் பிடித்திருக்கும் பளபளப்பான ராடு, ராடு வெளியே வரும் வாயில் ரப்பரால் ஆன ஆயில் சீல். எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. ஆட்டத்தை அடக்குவது டேம்பரின் வேலை. ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது.

ஸ்பிரிங்கின் குணத்தை ராபர்ட் ஹூக் 1678இல் எழுதிவைத்தார்: எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு எதிர்த்துத் தள்ளும். இரண்டு மடங்கு அமுக்கினால் இரண்டு மடங்கு தள்ளும். வாங்கிய ஆற்றலில் ஏறக்குறைய ஒரு பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்துவிடும். மனிதர்களிடம் இந்தக் குணம் இருந்தால் போற்றலாம். வண்டியில் அதுவே தொல்லை. வேகத்தடை ஏறும்போது ஸ்பிரிங் வாங்கிக்கொண்ட ஆற்றலை உடனே திருப்பித் தந்து வண்டியைத் தூக்கி எறிகிறது. வண்டி கீழே வருகிறது, மறுபடி அமுங்குகிறது, மறுபடி எறிகிறது.

என் வண்டியைப் போன்ற ஒன்றுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களையும் சேர்த்துப் பின் ஸ்பிரிங்குகள் தாங்கும் எடை 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன் விசை, அதாவது சுமார் இரண்டு கிலோ எடை, தேவைப்படுகிறது என்று கொள்வோம். அப்படிப்பட்ட வண்டியைத் தட்டிவிட்டால் நொடிக்கு இரண்டு முறை ஆடும். மகள் உணர்ந்த தாளம் இதுதான். டேம்பர் நன்றாக இருந்தால் முதல் ஆட்டத்துக்குப் பிறகு வரும் அடுத்த ஆட்டம் அதில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்; உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அடுத்த ஆட்டம் முந்தையதில் பாதி அளவுக்கு இருந்தால், அடக்கும் சக்தி நல்ல ஷாக்கில் இருப்பதைப்போல் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்று பொருள். மூன்று குதிப்பை எண்ண முடிந்தது என்றால் அவள், தெரியாமலேயே, ஒரு நல்ல அளவீட்டைச் செய்திருக்கிறாள்.

அடக்கப்பட்ட ஆற்றல் எங்கே போகிறது? சூடாகப் போகிறது. அந்த 120 கிலோ ஐந்து சென்டிமீட்டர் இறங்கினால் கிடைப்பது சுமார் 60 ஜூல். ஷாக்குக்கு 30. அதற்குள் இருக்கும் ஏறத்தாழ 80 மில்லி ஆயிலை அது கால் டிகிரிகூடச் சூடாக்காது. ஆனால் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருவில் நொடிக்கொரு பள்ளமாகக் கால் மணி நேரம் ஓட்டினால் கணக்கு வேறு. அதனால்தான் ஒரு பழைய சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: மோசமான சாலையில் ஓட்டி நிறுத்தியதும் இரண்டு ஷாக்கின் ஆயில் குழாய்ப் பகுதியையும் கையால் தொட்டுப் பாருங்கள். வேலை செய்கிற ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். வெயிலில் நிற்காத வண்டியில் ஒன்று சில்லென்று இருந்தால், அது சும்மா கூட வந்துகொண்டிருக்கிறது. சைலன்சர் பக்கத்து ஷாக்குக்கு அதன் சூடும் சேரும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். என் வண்டியில் சைலன்சர் வலப்பக்கம். அதனால் வலது ஷாக்கின் சூட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. இடது ஷாக் பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தது.

பிஸ்டனில் ஒரு நுணுக்கம் உண்டு. அமுங்கும்போது ஆயில் ஓரளவு தாராளமாகப் போக வழிவிட்டு, விரியும்போது அந்த வழியை மெல்லிய தகடுகள் மூடி இறுக்கிவிடும். அமுங்கும்போது ஸ்பிரிங்கே எதிர்த்து நிற்கிறது. டேம்பர் அதிகம் முயல வேண்டியதில்லை. விரியும்போது ஸ்பிரிங் வண்டியைத் தூக்கி எறியப் பார்க்கிறது. அப்போதுதான் கடிவாளம் தேவை. மெக்கானிக் சீட்டை அமுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் பார்ப்பது இதைத்தான். மெல்ல எழுந்து ஓர் இடத்தில் நின்றால் நல்லது. துள்ளி எழுந்து தாண்டிப்போய்த் திரும்பி வந்தால் டேம்பர் இல்லை.

இந்த நிலையில் பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஷாக்கின் அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும். அதைத் திருப்பி "டைட்" வைப்பார்கள். வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாவதில்லை. முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கிவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். வண்டியின் பின்பக்கம் உயர்ந்து நிற்கும். பின்னால் ஆள் ஏறும்போது அது சரியான பயன்பாடு. ஸ்பிரிங்கின் கடினத்தைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமன், சுருளின் அகலம், சுருள்களின் எண்ணிக்கை. அதிலும் கம்பித் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்யும்: 7 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் ஏழரை மில்லிமீட்டர் போட்டால் மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் ஸ்பிரிங் 30 சதவீதத்துக்கு மேல் கடினமாகிவிடும். டேம்பர் செத்த ஷாக்கில் வளையத்தை ஏற்றுவது, கடிவாளம் அறுந்த குதிரையைச் சாட்டையால் அடிப்பதுபோல.

ஸ்பிரிங் கிழடாகாதா என்று கேட்பார்கள். எஃகின் விறைப்பு வயதால் குறைவதில்லை. பல ஆண்டுச் சுமையில் சில மில்லிமீட்டர் குட்டையாகலாம், அவ்வளவே. இரண்டையும் கழற்றி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தெரிந்துவிடும். பெயின்ட் உரிந்து துரு குழிவிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங் ஒடிவது அந்தக் குழியில்தான் தொடங்கும். மற்றபடி முப்பது வயது ஸ்பிரிங் பெரும்பாலும் நல்ல ஸ்பிரிங்தான். லேத் பெரியவரின் நம்பிக்கை இந்த அளவுக்கு நியாயமானது.

குதிப்பு என்பது இடுப்பு வலியோடு முடிகிற விஷயம் என்றால் இத்தனை தூரம் எழுத மாட்டேன். டேம்பரின் முதன்மையான வேலை சொகுசு தருவதன்று. டயரைச் சாலையோடு சேர்த்துப் பிடித்திருப்பது. வண்டி மேலே துள்ளும் கணத்தில் பின் டயர்மேல் எடை குறைகிறது. எடை குறைந்தால் பிடிப்பும் குறைகிறது. வண்டி உடல் நொடிக்கு இரண்டு முறை ஆடுவதைப்போல, சக்கரமும் தன் டயரின் காற்றையே ஸ்பிரிங்காக்கிக்கொண்டு நொடிக்குப் பத்து, பதினைந்து முறை தனியாகத் துடிக்கும். அதையும் அடக்க வேண்டியது இதே ஆயில்தான். அடக்க ஆளில்லாத சக்கரம் சாலையைத் தொட்டும் விட்டும் ஓடுகிறது. அந்த நேரம் பின் பிரேக்கை மிதித்தால் சறுக்குகிறது. டயரில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளமாகத் திட்டுத் திட்டாகத் தேய்மானம் தெரிந்தால் அது இந்தத் துடிப்பின் கையெழுத்தாக இருக்கலாம். ராபின் ஷார்ப் என்ற ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர் 1971இல் மோட்டார் சைக்கிளின் நிலைத்தன்மையைச் சமன்பாடுகளில் எழுதியபோது, வேகத்தில் வண்டி முழுதும் பாம்புபோல் நெளியும் ஆட்டத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அந்த நெளிவும் நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறை என்ற தாளத்தில்தான் வருகிறது. பின் ஷாக் தளர்ந்த வண்டியில் புறவழிச்சாலை வளைவில் ஒரு மேட்டில் ஏறியவர்களுக்கு அந்த நெளிவு எப்படியிருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

பின் சக்கரத்துக்கு ஷாக் என்பதே ஒரு காலத்தில் சந்தேகத்துக்குரிய யோசனையாக இருந்தது. இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பின் சக்கரம் சட்டகத்தோடு நேராக முடுக்கப்பட்டிருக்கும். ஓட்டுகிறவரின் சீட்டுக்கு அடியில்தான் ஸ்பிரிங். சேறும் பாறையும் நிறைந்த டிரையல் போட்டிகளில் அசையாத பின் சக்கரம்தான் நன்றாகப் பிடிக்கும் என்று ஓட்டுநர்கள் உறுதியாக நம்பினார்கள். 1948இல் ராயல் என்ஃபீல்டு, பின் சக்கரத்தைப் பிடித்தபடி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மும் ஆயில் டேம்பர் கொண்ட ஷாக்குகளும் பூட்டிய புதிய புல்லட் 350ஐ இங்கிலாந்தில் ஒரு டிரையல் போட்டியில் இறக்கியது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் அந்த வண்டிகளும் இருந்தன. பழைய நம்பிக்கை மெல்ல உடைந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது. வடசென்னையின் பட்டறைகளில் ஷாக் பிரிக்கத் தெரிந்த கைகள் ஏராளமாக இருப்பதை நான் பார்க்கும்போதெல்லாம் இந்த ஊருக்கும் புல்லட்டுக்குமான அந்தப் பழக்கம் நினைவுக்கு வரும்.

சரி, ஆயிலுக்கு என்ன ஆகிறது? பிஸ்டன் உராய்ந்து வந்த உலோகத் தூசு, சீலிலிருந்து வந்த ரப்பர்த் தூசு, மழைநீரின் ஈரம், சூட்டில் வரும் ரசாயன மாற்றம் எல்லாம் சேர்ந்து அது கறுத்து நீர்த்துப்போகிறது. பழைய ஷாக்குகளில் ஆயிலோடு காற்றும் ஒரே குழாயில் இருக்கும். வேகமாக ஆடும்போது இரண்டும் கலந்து நுரைக்கும். நுரைக்குள் பிஸ்டன் போவதும் மோருக்குள் போவதும் ஒன்றுதான்.

அப்படியானால் காற்றே இல்லாமல் முழுக்க ஆயிலை நிரப்பிவிடலாமே என்று தோன்றும். பட்டறைகளில் சிலர் செய்கிறார்கள். மிக மோசமான தவறு. ஷாக் அமுங்கும்போது ராடு உள்ளே வருகிறது. 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ராடு 60 மில்லிமீட்டர் உள்ளே வந்தால் கிட்டத்தட்ட 5 மில்லி இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆயில் சுருங்காது. அந்த 5 மில்லிக்கு இடம்கொடுக்கத்தான் காற்று. காற்றில்லாத ஷாக் பாதி வழியிலேயே கல்லாக நிற்கும், அல்லது புது சீலைப் பிதுக்கிக்கொண்டு ஆயில் வெளியே பீறிடும். ஆயிலை அளந்து ஊற்ற வேண்டும். இரண்டு ஷாக்குக்கும் மில்லி பிசகாமல் ஒரே அளவு.

கட்டியான ஆயில் ஊற்றுவதும் அப்படித்தான். இன்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ ஊற்றினால் குதிப்பு நின்றுவிடும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார். ஆனால் அமுங்கிய சக்கரம் கீழே இறங்கத் தாமதிக்கும். அடுத்தடுத்து மேடு வரும் சாலையில் ஒவ்வொன்றுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து, கடைசியில் ரப்பர் ஸ்டாப்பரில் போய் இடிக்கும். டயர் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலே மிதக்கும். ஷாக்குக்கும் முன் ஃபோர்க்குக்கும் என்றே விற்கும் ஆயில்தான் வேண்டும். டப்பாவில் 10 என்று போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அதன் கனம் மாறும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயில் எவ்வளவு கட்டி என்பதற்கான அளவு) என்ற எண்ணைப் பார்த்து ஒப்பிடுவது நல்லது.

கேஸ் ஷாக் என்று விற்பவை வேறு ரகம். பிரான்ஸ் நாட்டின் கிறிஸ்டியான் பூர்சியே த கார்போன் 1950களில் உருவாக்கிய வடிவம் அதன் தாய். ஒரே குழாய், நடுவில் மிதக்கும் ஒரு தடுப்பு, ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் அழுத்தமூட்டிய நைட்ரஜன். ஆயில் எப்போதும் அழுத்தத்தில் இருப்பதால் நுரைப்பதில்லை. நைட்ரஜன் குறைவாக விரியும் என்று கடைக்காரர்கள் சொல்வது சரியல்ல. சூட்டில் அதுவும் காற்றைப்போலத்தான் விரியும். ஈரமில்லாதது, ஆயிலை ஆக்சிஜனேற்றம் செய்யாதது என்பதற்காகவே அதைப் போடுகிறார்கள். உள்ளே அழுத்தம் டயரில் இருப்பதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் இருக்கலாம். இதைத் துளைபோட்டோ அறுத்தோ திறக்கப் பார்ப்பது கண்ணையும் கையையும் பணயம் வைப்பது. நைட்ரஜன் ஏற்றும் வசதியும் அதற்கான வால்வும் இல்லாதவர் அதைத் தொடவே கூடாது. பின்னால் ஒற்றை ஷாக் வைத்த வண்டிகளில் பெரும்பாலும் இந்த ரகம்தான். அவற்றில் சக்கரம் நகரும் தூரத்தில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் ஷாக் நகரும். அதற்கேற்ப அதன்மேல் விழும் விசை பெருகும். வேலையைத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

என் வண்டியுடையவை இரட்டை ஷாக், பழைய ஆயில் ரகம். கழற்றுவதற்கு முன் மெக்கானிக்கிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: "அண்ணே, ஷாக்கைக் கழட்டினதும் ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டுல ஆட்டிப் பார்த்துருங்க." ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்தாலும் வண்டி வளைவில் நெளியும், பழி ஷாக்கின்மேல் விழும். ஷாக்கின் மேல்கண்ணிலும் கீழ்கண்ணிலும் இருக்கும் ரப்பர் புஷ் வெடித்தால் கடகடவென்று சத்தம் வரும். அதற்காக முழு ஷாக்கையும் மாற்றுகிறவர்கள் உண்டு. அந்த ரப்பர் ஒரு சாப்பாட்டு விலைகூட இருக்காது.

ஸ்விங் ஆர்ம் நன்றாக இருந்தது. பிறகுதான் ஷாக்கைப் பிரித்தோம். ஸ்பிரிங்கைக் கழற்ற அதற்கான கிளாம்ப் வேண்டும். கால்களுக்கு நடுவே வைத்துக் கயிறு கட்டி அமுக்குவதை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம். ஸ்பிரிங் போனதும் ராடு வெளியே தெரிந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் அந்த ராடின் மேற்பரப்பில் இருக்கிறது.

ராடின்மேல் இருப்பது கெட்டி குரோம் பூச்சு. தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். ஆனால் எஃகைவிடக் கடினம். சீலின் மெல்லிய உதடு இதன்மேல்தான் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வழுக்குகிறது. குரோம் கண்ணாடிபோல் இருந்தால் சீல் வருஷக்கணக்கில் வாழும். ஓர் இடத்தில் துரு குத்திக் குழி விழுந்துவிட்டால் அந்தக் குழியின் விளிம்பு அரம்போல் சீலைச் சீவும். புது சீல் போட்டாலும் சில வாரத்தில் மறுபடி ஆயில் கசியும். "சீல் மாத்தினேன், நிக்கலை" என்று சொல்கிறவர்களில் பலர் ராடைப் பார்க்காமல் சீல் மாற்றியவர்கள்.

பார்ப்பது எளிது. துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். விரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். நகம் எங்காவது தடுக்கினால் சீலும் அங்கே தடுக்கும். தடுக்கிய இடம் எது என்பதும் முக்கியம். மேல்கண்ணை ஒட்டி, ரப்பர் ஸ்டாப்பருக்குள் மறைந்திருக்கும் பகுதியில் துரு இருந்தால் பாதகமில்லை. சீல் அதுவரை வருவதே இல்லை. தினசரி உள்ளே போய் வரும் பகுதியில் இருந்தால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பிறகு ராடைக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு இருக்கிறதா என்று தெரியும்.

வலது ஷாக்கின் ராடு முப்பது வருஷத்துக்குப் பிறகும் முகம் பார்க்கும்படி இருந்தது. இடது, செயின் ஓடும் பக்கம், சேறும் மண்ணும் வாரியடிக்கும் பக்கம். சீலுக்கு இரண்டு விரல்கடை மேலே வரிசையாக நான்கு குழிகள். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். நகத்தால் தடவினார். "இது ஆகாது தம்பி" என்று தானே சொல்லிவிட்டார். பத்து வருஷம் ஓடும் என்று முந்தைய நாள் சொன்னதை ஒரு நொடியில் விட்டுக்கொடுத்த அந்தத் தொழில் நேர்மையை நான் மறக்க மாட்டேன்.

ராடை மறுபடி குரோம் செய்ய முடியும். பழைய பூச்சைத் தேய்த்தெடுத்து, கனமாகப் பூசி, மறுபடி தேய்த்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு அதில் தயக்கம் உண்டு. குரோம் பூசும் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். குரோமேட் ஆலைக் கழிவு ஒரு நிலத்தின் அடிநீரை என்ன செய்யும் என்பதற்கு ராணிப்பேட்டை நம் கண்முன் இருக்கிறது. வேறு ராடே கிடைக்காத 1950களின் வண்டிக்கு, கழிவை ஒழுங்காகச் சுத்திகரிக்கும் இடத்தில் கொடுத்துச் செய்யலாம். லட்சக்கணக்கில் ஓடிய ஒரு வண்டியின் ராடுக்கு அது தேவையில்லை.

குழாயின் வாய் எப்படி மூடப்பட்டிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. மரையிட்ட மூடி இருந்தால் பிரிப்பதற்கென்றே செய்தது, தாராளமாகப் பிரிக்கலாம். விளிம்பை மடக்கி நசுக்கி அடைத்திருந்தால், செய்தவர் அதைத் திறக்கச் சொல்லவில்லை. லேத்தில் விளிம்பை வெட்டி, மரை போட்டு, மறுபடி மூடும் கைத்திறன் சிலரிடம் உண்டு. அந்தத் திறனை மதிக்கிறேன். ஆனாலும் அந்த ரகத்துக்குப் புதிதாக நல்ல ஷாக் கிடைக்குமானால் மாற்றுவதையே சொல்வேன். வெல்டிங் வைத்து மூடுவது கூடவே கூடாது.

புதிது வாங்குவதென்றால் பெட்டியின் பளபளப்பைவிட டேப்பை நம்புங்கள். கண்ணுக்குக் கண் நீளம், கண்ணின் துளை, புஷ்ஷின் அகலம் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். பின்பக்கம் தூக்கலாக இருக்க வேண்டும் என்று நீளமான ஷாக் போடுகிறார்கள் இளைஞர்கள். சக்கரத்துக்கும் சட்டகத்துக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் உயரம் கூடினாலே முழு வண்டியும் ஏறக்குறைய அரை டிகிரி முன்னால் சாயும்; ஹேண்டில் நிற்கும் கோணம் மாறும், செயினின் தொய்வு மாறும். பல வருஷம் கடையில் தூங்கிய ஷாக் என்றால் சீல் இறுகிப்போயிருக்கலாம். படுக்கவைத்திருந்த ஷாக்கில் காற்று தவறான இடத்துக்குப் போயிருக்கும்; பூட்டும் முன் நேராக நிறுத்தி ஏழெட்டு முறை முழுசாக அமுக்கி விரிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும்.

கடைசியில் நான் மெக்கானிக் சொன்னதையும் செய்யவில்லை, பெரியவர் சொன்னதையும் செய்யவில்லை. என்னுடையவை மரை மூடி ரகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய ஷாக்குகள் மலையாகக் குவிந்திருந்த கடையில் உட்கார்ந்து, அதே மாடலில் ஒவ்வொன்றாக எடுத்து, ராடை மட்டும் நகத்தால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். பதினோராவது ஷாக்கின் ஸ்பிரிங் துருப்பிடித்து, குழாயில் பெயின்ட் ஒரு பொட்டு இல்லாமல், புஷ் கிழிந்து இருந்தது. ராடு மட்டும் கண்ணாடி.

அந்த ராடும் என் பழைய ஸ்பிரிங்கும் இடது பக்கத்துக்குப் போயின. இரண்டு ஷாக்குக்கும் புது சீல், புது ஆயில், நான்கு ரப்பர் புஷ். பெரியவர் மூடியைத் திறந்து கழுவிக் கொடுக்க, மகள் மருந்து சிரிஞ்சால் ஆயிலை அளந்து ஊற்றினாள். இரண்டாவது குழாயில் ஒரு மில்லி கூடிவிட்டது என்று அவளே உறிஞ்சி எடுத்தாள்.

அன்று இருட்டிய பிறகு அவளை ஏற்றிக்கொண்டு பெரம்பூர் வரை போய்த் திரும்பினேன். அந்த வேகத்தடை வந்தது. பின் சக்கரம் ஏறி இறங்கியது. "ஒண்ணு" என்று எண்ணினாள். அடுத்ததை எண்ணக் காத்திருந்தாள். வண்டி சமதளத்தில் பேசாமல் போய்க்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் ஓடிப்போய் இடது ஷாக்கைத் தொட்டாள்.

"வெதுவெதுன்னு இருக்குப்பா."